நான் எழுதிக் கொடுத்த வீட்டுப் பேர்

காலையில் கடை திறந்ததும் நான் இரண்டு குப்பை வார வேண்டும். ஒன்று, பஸ்ஸுக்கு நின்றவர்கள் வாசலில் போட்டுவிட்டுப் போன பழத்தோலும் பீடித்துண்டும். மற்றது, இரவோடு இரவாகக் கம்ப்யூட்டருக்குள் வந்து கிடக்கும் மெயில். இரண்டில் எனக்கு வாசல் குப்பைதான் சம்மதம். அதை அள்ளினால் கை கழுவிவிடலாம்.

பாறசாலை ஜங்ஷனில் சுனில்குமார் அண்ணனின் எஸ்.டி.டி. பூத்தில் நான் ஆபரேட்டர். பேர் பிரேமகுமாரி, ஊர் பக்கத்துப் பஞ்சாயத்து, கொல்லயில் என்று பேர். போன், போட்டோஸ்டாட், ஃபேக்ஸ் என்று ஓடிக்கொண்டிருந்த கடையில் தொண்ணூற்றெட்டின் கடைசியில் இன்டர்நெட்டும் வந்தது. கம்ப்யூட்டர் ஒன்று. மெயில் முகவரியும் ஒன்றுதான், கடையின் முகவரி. சுற்றுவட்டாரத்தில் இருநூறு வீட்டுக்கு அதையே வைத்துக்கொண்டோம். துபாயிலும் மஸ்கட்டிலும் இருப்பவர்கள் அதற்கே எழுதுவார்கள். மேலே வீட்டுப் பேரைப் போடுவார்கள்: தெக்கேவிளை, பனவிளை, கிழக்கேபுத்தன்வீடு. நான் அதைப் பேப்பரில் எடுத்து, கவரில் போட்டு, கவர்மேல் வீட்டுப் பேரை எழுதி வைப்பேன். பக்கத்துக்குப் பத்து ரூபாய். வந்து வாங்காதவர்களுக்குச் சாயங்காலம் வீட்டுக்குப் போகிற வழியில் நானே கொடுத்துவிடுவேன்.

வீட்டுப் பேர் இல்லாமல் வருவதெல்லாம் குப்பை. உடம்பு மெலிய மாத்திரை, மூன்று வாரத்தில் லட்சாதிபதி, நாம் டிக்கெட்டே எடுக்காத லாட்டரியில் பரிசு, துணியில்லாத பெண்கள். அந்தக் கடைசி வகையை நான் அழித்துக்கொண்டிருக்கும்போதுதான் போட்டோஸ்டாட் எடுக்க வந்த ஆம்பிளைகளுக்கெல்லாம் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்க்க வேண்டியிருக்கும். சவங்கள். ஆனால் இவற்றைக் கண்டுபிடிக்கப் படிப்பு வேண்டாம், வாயைத் திறந்ததுமே நாறும். இரக்கத்தைக் கிளப்பிக்கொண்டு வருகிற வகையைத்தான் எனக்கு அப்போது தெரியாது.

தொண்ணூற்றொன்பது ஆவணி, ஓணத்துக்கு ஒரு வாரம் இருந்தது. நைஜீரியாவிலிருந்து ஒரு மெயில். அன்புள்ள நண்பரே என்று தொடக்கம். எழுதியவன் தன்னை வங்கி அதிகாரி என்று சொல்லிக்கொண்டான். எங்கள் நாட்டில் பல வருடம் வேலை பார்த்த ஒரு வெளிநாட்டவர், தொண்ணூற்றாறில் மனைவியோடும் இரண்டு பிள்ளைகளோடும் கார் விபத்தில் இறந்துபோனார், அவர் பணம் கேட்பாரில்லாமல் வங்கியில் கிடக்கிறது, உறவினர் யாரையும் கண்டுபிடிக்க முடியவில்லை, கடவுள் பேரால் உங்களை நம்புகிறேன், ரகசியமாக வையுங்கள். இறந்தவருக்குப் பேர் கிடையாது, எந்த நாட்டுக்காரர் என்று கிடையாது, வீட்டுப் பேரும் கிடையாது.

"பேரில்லாத்தத எடுத்துக் களை" என்றார் சுனிலண்ணன். அன்றைக்கு அவர் சொன்னதுதான் சரி. நான் நைஜீரியா என்ற ஒரு வார்த்தையில் நின்றுவிட்டேன்.

கொல்லயிலில் நைஜீரியா என்றால் எல்லாருக்கும் ஒரே வீடுதான் ஞாபகம் வரும், நடுத்தோட்டம். உமையம்மாள் அக்காவின் வீடு. அவள் புருஷன் பொன்னம்பலம் எண்பத்தொன்றில் அங்கே கணக்கு வாத்தியாராகப் போனார். அந்தக் காலத்தில் நம் பக்கத்திலிருந்து வாத்தியார்மார் பலர் அப்படிப் போனதுண்டு. இரண்டு தடவை லீவுக்கு வந்தார். எண்பத்தெட்டு தையில் ஒரு கடிதம் வந்தது, அதோடு சரி. அக்கா எழுதாத ஆபீஸ் இல்லை, பார்க்காத ஜோசியன் இல்லை. பிள்ளைகளும் இல்லை. ஒற்றைக்கு அந்தப் பெரிய வீட்டில் இருந்தாள்.

ஊரைவிட்டுப் போனவனைப் பற்றிப் பன்னிரண்டு வருஷம் ஒரு தகவலும் இல்லையென்றால் அவனைச் செத்தவனாக வைத்து, தர்ப்பைப் புல்லில் ஆள் உருவம் செய்து எரித்து, பதினாறாம் நாள் பெண்டாட்டியின் தாலியை இறக்குவது அந்த வீட்டு வழக்கம். வருகிற தையோடு பன்னிரண்டு முடிகிறது. அந்தத் தைக்காக இரண்டு பேர் நாள் எண்ணிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் பொன்னம்பலத்தின் அண்ணன் வேலாயுதன் பிள்ளை, தாலுகா ஆபீசில் கிளார்க்காக இருந்து ரிட்டயர் ஆனவர். வீடும் ஒன்றரை ஏக்கரும் அண்ணன் தம்பி இரண்டு பேர் பேரிலும் கிடந்தது, தம்பியின் கையெழுத்து இல்லாமல் அவரால் விற்க முடியவில்லை. தம்பி செத்தான் என்று ஆகிவிட்டால் அக்காவிடம் கையெழுத்து வாங்கிவிடலாம். இன்னொருவர் அக்கா. அவளுக்கு வேண்டியதெல்லாம் பன்னிரண்டு முடிவதற்குள் அவர் இருக்கிறார் என்று எங்கிருந்தாவது ஒரு வரி.

இவ்வளவும் தெரிந்த நான்தான் அந்த மெயிலைப் பேப்பரில் எடுத்தேன். கவர்மேல் நடுத்தோட்டம் என்று எழுதினேன். இரக்கப்பட்டுச் செய்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். அந்த இரக்கத்தை இப்போது நினைத்தால் எனக்குக் காறித் துப்பத் தோன்றுகிறது.

அக்கா கவரைப் பிரித்தாள். ஆபீஸ்களுக்கு எழுதியெழுதி அவளுக்குக் கொஞ்சம் இங்கிலீஷ் தெரியும், இருந்தாலும் என்னிடமே நீட்டினாள்.

"வாசி மக்கா."

வாசித்துத் தமிழில் சொன்னேன். மனைவியும் பிள்ளைகளும் வருகிற இடத்தை விழுங்கிவிட்டு அடுத்த வரிக்குப் போனேன். அக்கா பேப்பரை வாங்கிப் பார்த்தாள்.

"இதுல வைஃப்னு எழுதியிருக்கே மக்கா. நீ அத வாசிக்கல்லியே."

அவள் பேப்பரை நாலாக மடித்து மடியில் வைத்துக்கொண்டு, நேரமாச்சு, போ என்றாள்.

கடையில் என் தோளுக்கு மேலே எவன் வாசித்தானோ, மறுநாள் மத்தியானத்துக்குள் கொல்லயில் முழுக்கத் தெரிந்துவிட்டது. வாத்தியார் அங்கே வேறொருத்தியைக் கட்டியிருக்கிறார், இரண்டு பிள்ளைகள் இருந்தன, அதனால்தான் கடிதம் நின்றது. "நான் அப்பமே பறஞ்சேன்" என்று சொல்லாத ஆள் இல்லை. ஒவ்வொருவரும் இத்தனை வருஷம் மனசில் ஊறப்போட்டிருந்த கதைக்கு ஒரு பேப்பர் கிடைத்துவிட்டது. பால் சொசைட்டியில் அக்கா வந்து நின்றால் பேச்சு நிற்கும், அவள் திரும்பியதும் தொடங்கும். ஒரு பெண்பிள்ளையின் மானத்தை இப்படி நக்கிச் சாப்பிடும் ஜனங்களோடுதான் நானும் ஒரே பைப்பில் தண்ணீர் பிடித்தேன்.

நாலாம் நாள் அக்கா கடைக்கு வந்தாள். பதில் எழுத வேண்டும். அவள் சொல்லச் சொல்ல நான் டைப் அடித்தேன். இறந்தவர் என் கணவர் பொன்னம்பலமா? கேரளாவில் கொல்லயில், நடுத்தோட்டம் வீடு. கணக்கு ஆசிரியர். எண்பத்தொன்றில் வந்தார். மாநிறம், உயரம், கண்ணாடி போடுவார். இன்ன ஊர்ப் பள்ளிக்கூடம். ஒன்று விடாமல் அடித்து அனுப்பினேன். திருடனைக் கூப்பிட்டு வீட்டுச் சாவியையும் கொடுத்து, எந்த அலமாரி என்றும் காட்டிக் கொடுத்தது நான்தான்.

இரண்டே நாளில் பதில் வந்தது. மேலே நடுத்தோட்டம் வீடு என்று கொட்டை எழுத்தில். ஆம் அம்மையாரே, இறந்தவர் உங்கள் கணவர் பொன்னம்பலம்தான். சிறந்த கணக்கு ஆசிரியர், உயரமானவர், கண்ணாடி அணிவார். சட்டப்படி நீங்களே வாரிசு. வக்கீல் செலவுக்கு நானூற்றைம்பது டாலர் அனுப்பவும், மரணச் சான்றிதழ் தயாராகிறது.

அதை அக்காவிடமிருந்து வேலாயுதன் பிள்ளை வாங்கிக்கொண்டார். முப்பத்து மூன்று வருஷம் ஃபைல் பார்த்த மனுஷன். கண்ணாடியை ஏற்றிவிட்டு எழுத்தைப் படிக்காமல் முதலில் ஓரத்தைத்தான் பார்த்தார்.

"ரெஃபரன்ஸ் நம்பர் உண்டு. தேதி உண்டு. அடியில பதவியும் உண்டு. இது ஆபீஸ் கடுதாசியாக்கும், வெறும் ஆளு எழுதுனதுல்ல."

தையெல்லாம் வேண்டாம், தகவல்தான் வந்துவிட்டதே என்று புரட்டாசி அமாவாசைக்கு நாள் குறித்தார். நெய்யாறு நதிக்கரையில் புல்லுருவத்தை எரிப்பது, பதினாறாம் நாள் தாலி இறக்குவது. டாலர் அனுப்ப வழி கேட்டு சுனிலண்ணனிடம் வந்துவிட்டுப் போனார். தம்பி செத்த செய்தியைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த தெளிச்சியைப் பார்த்து எனக்கு அவர் குடித்துவிட்டு வைத்த டீ கிளாஸைத் தொடவே அருவருப்பாக இருந்தது.

அமாவாசைக்கு இரண்டு நாள் முன்பு, காலையில் குப்பை வாரும்போது இன்னொரு மெயில் வந்து கிடந்தது. அன்புள்ள நண்பரே. எழுதியவன் வேறு, நாடும் வேறு. எங்கள் நாட்டில் பல வருடம் வேலை பார்த்த ஒரு வெளிநாட்டவர், மனைவியோடும் இரண்டு பிள்ளைகளோடும். வரிக்கு வரி அதே. கடவுள் பேரால் உங்களை நம்புகிறேன் என்பதுகூட அதே இடத்தில் இருந்தது.

அழித்தவை போய்க் கிடக்கும் இடத்தைத் திறந்து ஒவ்வொன்றாகத் தேடினேன். சுனிலண்ணன் அழித்தவற்றில் இன்னும் இரண்டு அகப்பட்டன. ஒன்றில் கார் விபத்து, ஒன்றில் விமான விபத்து. நைஜீரியாக்காரனோடு சேர்த்து நாலு பேர் ஒரே குடும்பத்தைக் கொன்றிருந்தார்கள். அந்த இரண்டு பிள்ளைகளும் ஒவ்வொரு தடவையும் தவறாமல் செத்தார்கள்.

சுனிலண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் அதிர்ச்சி அடைவார் என்று நினைத்தேன். அவர் பல்குத்திக்கொண்டே பார்த்தார்.

"இது எல்லாக் கடையிலயும் வருதாக்கும். நெய்யாற்றின்கரை கடையில உள்ளவனும் பறஞ்சான்."

"அப்பம் அண்ணனுக்கு நேரத்தே தெரியும்?"

"கொஞ்ச நாளா தெரியும்."

"அந்த அக்காக்கு தாலி அறுக்கப் போறாவ. ஒரு வார்த்த பறஞ்சா என்ன?"

"எட்டீ, நான் அழிக்கத்தானே சொன்னேன். கவர்ல பேரெழுதிக் கொண்டு கொடுத்தது ஆரு? இனி நான் போயி வேலாயுதன் பிள்ளைட்ட கள்ளக் கடுதாசியின்னு பறஞ்சா, கடைக்க பேரும் போவும். போஸ்ட்மேன் கடுதாசிய வாசிச்சா கொடுக்கான்? பக்கத்துக்கு பத்து ரூவா, நம்ம காரியம் அதோட தீர்ந்துது."

அவர் சொன்னதில் பாதி உண்மை என்பதுதான் எனக்கு மிளகாய் பட்டதுபோல் எரிந்தது. அவரை முழுசாக வெறுக்கவும் வழியில்லை.

வெறும் வாயால் சொன்னால் வேலாயுதன் பிள்ளை நம்ப மாட்டார். நம்பர் வைத்த பேப்பருக்கு எதிராக நான் யார்? ஒரு மணி நேரம் யோசித்தேன். பிறகு அக்காவுக்குத் தெரியாமல், அவள் பேரில், நானே ஒரு மெயில் எழுதினேன். என் கணவருக்கு இடது கையில் சுண்டுவிரல் கிடையாது, நீங்கள் பார்த்த உடலில் அப்படி இருந்ததா, உறுதிசொன்னால் உடனே பணம் அனுப்புகிறோம்.

மறுநாள் காலையில் பதில் இருந்தது. அம்மையாரே, நானே பிணவறைக்குப் போயிருந்தேன். வெள்ளைத் துணியை விலக்கிப் பார்த்தேன். இடது கையில் சுண்டுவிரல் இல்லாததை என் இரு கண்ணாலும் கண்டேன். அந்தக் கையைப் பிடித்து உங்களுக்காகப் பிரார்த்தனை செய்தேன்.

எழுந்து பின்பக்கம் போய் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்தேன். பொய் சொன்னான் என்பதைத் தாங்கலாம். இல்லாத கையைப் பிடித்தேன் என்று சொன்னானே, அந்த நாக்கைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பதிலைப் பேப்பரில் எடுத்தேன். பத்து ரூபாயை என் பர்சிலிருந்து எடுத்து மேஜையில் வைத்துவிட்டுத்தான் கிளம்பினேன்.

நடுத்தோட்டத்தில் சொந்தக்காரர்கள் சில பேர் வந்திருந்தார்கள். முற்றத்தில் வாழையிலைமேல் தர்ப்பைக் கட்டு கிடந்தது, உருவம் பாதி முடிந்திருந்தது. தலையும் இரண்டு கையும் கட்டியாகிவிட்டது. வேலாயுதன் பிள்ளை நாற்காலியில் இருந்து மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா வாசல்படியில் இருந்தாள். ஒன்றரை மாதத்தில் பாதியாகிப் போயிருந்தாள்.

நான் நின்றபடியே மெயிலைத் தமிழில் சொன்னேன். பிணவறை, வெள்ளைத் துணி, சுண்டுவிரல். முடித்துவிட்டு அக்காவைப் பார்த்தேன்.

"அக்கா, அண்ணனுக்கு எடது கையில சுண்டுவெரலு உண்டா இல்லியா?"

"உண்டு" என்றாள் அக்கா. "பத்து வெரலும் உண்டு."

வேலாயுதன் பிள்ளை தொண்டையைச் செருமினார்.

"அது அங்க போன பெறவு போயிருக்கும். ஏதாவது மிஷின்லயும் பட்டிருக்கும். அதான் நேருல கண்டவன் எழுதியிருக்கானே."

சொந்தக்காரர்களில் இரண்டு பேர் தலையை ஆட்டினார்கள். இருந்த விரலைக்கூட இழக்கச் சம்மதித்துவிட்டார்கள். எனக்குத் தலை சூடேறிவிட்டது.

"அண்ணாச்சி, வெரலு இல்லேன்னு அவனுக்கு எழுதுனது நானாக்கும். நேத்து, எனக்க கையால. நான் கெட்டுன கதைய அவன் கண்ணால கண்டேன்னு எழுதியிருக்கான். நாளைக்கு காலு இல்லேன்னு எழுதுனா காலும் இல்லேன்னு பறவான். மொத கடுதாசியில பேருமில்ல, ஊருமில்ல. இதே கடுதாசி வேற மூணு பேரு எழுதுனதும் கடையில கெடக்கு. கவர்ல நடுத்தோட்டம்னு எழுதுனதும் நான்தான்."

"நீ ஆருட்டி எனக்க தம்பிக்க காரியத்துல கைய விட?" வேலாயுதன் பிள்ளை எழுந்துவிட்டார். "நம்பரு இருக்கு இதுல, நம்பரு."

"நம்பர் ஆரு வேணும்னாலும் எழுதலாம்."

அந்த மனுஷன் பேப்பரை ஒரு தடவை திருப்பிப் பார்த்தார். முப்பத்து மூன்று வருஷத்தில் அவரிடம் அப்படி ஒருவரும் சொன்னதில்லை போல. அவர் கையிலிருந்த பழைய பேப்பரை அக்கா எழுந்து வந்து மெதுவாக வாங்கிக்கொண்டாள். பிறகு குனிந்து, வாழையிலையோடு அந்தப் புல்லுருவத்தை அள்ளி, தொழுவத்துப் பக்கம் கொண்டுபோய்ப் பசுவின் முன்னால் போட்டாள். சொந்தக்காரர்கள் செருப்பைத் தேடிக்கொண்டு கிளம்பினார்கள். வேலாயுதன் பிள்ளை மட்டும் படி இறங்கும்போது சொன்னார்.

"தை ஒண்ணும் தூரத்துல இல்ல. அப்பம் நான் ஆருக்க கடுதாசியும் கேக்க மாட்டேன்."

எல்லாரும் போனபிறகு அக்கா என்னிடம் கேட்டாள்.

"அப்பம் அவிய சாவல்ல, இல்லியா மக்கா?"

"அது தெரியாதுக்கா. இந்தக் கடுதாசி பொய்யின்னு மட்டும்தான் தெரியும்."

"அந்தப் பெண்ணும் பிள்ளியளும்?"

"அதும் பொய்தான். ஆனா..." என்று இழுத்து நிறுத்தினேன். அதற்கு மேல் எனக்கென்ன தெரியும்?

அக்கா தலையசைத்தாள். கழுத்தில் தாலி அப்படியே கிடந்தது. சந்தோஷமாக வீட்டுக்குப் போயிருக்க வேண்டியவள் நான். ராத்திரிச் சோற்றை அப்படியே மூடி வைத்துவிட்டேன்.

ஐப்பசியில் ஒரு நாள், மழை விட்ட நேரத்தில் அக்கா கடைக்கு வந்தாள். கொடியில் போட்டிருந்த நல்ல சேலையை உடுத்தியிருந்தாள். என் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அந்த ஆளுக்கு ஒரு கடுதாசி எழுதணும் மக்கா."

"எந்த ஆளு?"

"நைஜீரியாக்காரன்."

"அக்கா, அவன் கள்ளன். அவன் நைஜீரியாவுலதான் இருக்கானான்னே ஆருக்கும் தெரியாது."

"கள்ளன்தான். எனக்கும் தெரியும். ஆனா அந்த ஊர்லேந்து எனக்கு மறுபடி எழுதுன ஆளு அவன் ஒருத்தன்தானே. சர்க்கார் எழுதல்ல, பள்ளிக்கூடத்துக்காரன் எழுதல்ல. இவன் ரெண்டு நாள்ல எழுதுதான்." சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். "கள்ளனுக்கு நாலு ஊரும் நாலு ஆளும் தெரியாம இருக்காது. நீ எழுது. அவன் செஞ்சதொண்ணும் நான் மனசுல வைக்கல்லன்னு எழுது, அவனுக்கும் ஒரு தாயி இருப்பா. கணக்கு வாத்தியாரு பொன்னம்பலம்னு ஒருத்தர் உண்டான்னு அந்தப் பள்ளிக்கூடத்துல ஒருக்கா போயி கேட்டுச் சொல்லச் சொல்லு. தைக்கு முன்ன சொல்லச் சொல்லு."

முடியாது என்று சொல்லியிருக்கலாம். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு அது வாயில் வரவில்லை. எழுதினேன். அந்த நாறிப் பயலை ஐயா என்று விளித்து, தயவுசெய்து என்று மூன்று இடத்தில் போட்டு, ஒரு மனைவியிடமிருந்து என்று முடித்து அனுப்பினேன். விரலெல்லாம் பிசுபிசுத்ததுபோல் இருந்தது.

மறுநாளே பதில் வந்தது. நல்ல செய்தி அம்மையாரே, உங்கள் கணவர் உயிரோடு இருப்பதாகத் தெரிகிறது, தேடிச் செல்ல முந்நூறு டாலர் அனுப்பவும். போன மாதம் பிணவறையில் கையைப் பிடித்துப் பிரார்த்தனை செய்தவன். அதைப் பேப்பரில் எடுக்கவில்லை. அழித்தேன்.

சாயங்காலம் அக்கா வந்தாள். "வந்துதா மக்கா?"

"வரல்லக்கா."

மறுநாளும் வந்தாள், அதற்கு மறுநாளும். அவனும் விடவில்லை. பார்த்துவிட்டேன் என்றான், ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்றான், உமையம்மாள் என்று பேர் சொல்லி அழுகிறார் என்றான். இருநூறு போதும் என்று இறங்கினான், நூறு என்றான். நான் ஒவ்வொரு நாளும் அழித்தேன். ஒவ்வொரு சாயங்காலமும் வரவில்லை என்று சொன்னேன். ஒரு பொய்யனைப் பிடித்துக் கொடுத்துவிட்டு அவன் வேலையை நான் எடுத்துக்கொண்டேன், அதுவும் சம்பளத்துக்கு. மார்கழி பிறந்து பத்து நாள் ஆகிறது. இதையெல்லாம்விட எனக்கு அருவருப்பான ஒன்று உண்டு, அதை யாரிடமும் சொன்னதில்லை. அந்த மெயில் எதையும் நான் பார்த்த உடனே அழிப்பதில்லை. நூற்றுக்கு நூறு கள்ளம் என்று தெரிந்தும், கதவைப் பாதி சாத்திவிட்டு, கடைசி வரி வரை வாசித்துவிட்டுத்தான் அழிக்கிறேன்.